காய்ச்சலுக்கு ஏன் 'ஃப்ரம்'? ஆங்கில முன்னிடைச்சொல் பெயர்ச்சொல்லோடு சேரும் விதம்

தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த எவரையும் நடு இரவில் எழுப்பி விடுப்புக் கடிதம் எழுதச் சொன்னாலும், 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்ற வரியைப் பிழையில்லாமல் எழுதிவிடுவார். ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்டதை நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் தேதியை மட்டும் மாற்றி அதே கடிதத்தைக் கொடுத்து வந்தவர்கள் நாம். அந்த வரியில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தமிழில் 'காய்ச்சலால் அவதிப்படுகிறேன்' என்கிறோம். 'ஆல்' என்ற உருபுக்கு நேரான ஆங்கிலச் சொல் 'பை' என்று வகுப்பில் படித்தும் இருக்கிறோம். ஆனாலும் 'சஃபரிங் பை ஃபீவர்' என்று எழுத நமக்குத் தோன்றுவதே இல்லை. அந்த வரியை நாம் தமிழிலிருந்து பெயர்த்து உருவாக்கவில்லை. இருந்தபடியே முழுதாக வாங்கிக்கொண்டோம், அதனால் தவறவில்லை. 'ஃப்ரம்' அங்கே ஏன் வந்தது என்று இலக்கணம் கேட்டால் நம்மில் பலருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் அது அங்கே வரும் என்பது தெரியும். ஆங்கில முன்னிடைச்சொற்களை எப்படிக் கற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை.

முன்னிடைச்சொல் என்பது வகுப்பறையில் பிரிபொசிஷன் என்று நாம் படித்ததுதான். இன், ஆன், அட், பை, டு, ஃபார், ஆஃப், ஃப்ரம், வித் போன்ற சிறு சொற்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவை. ஒரு பெயர்ச்சொல்லுக்கும் வாக்கியத்தின் மற்றப் பகுதிக்கும் உள்ள உறவை இவை காட்டுகின்றன. இந்த வேலையைத் தமிழில் வேற்றுமை உருபுகளும் 'மேல்', 'கீழ்', 'உடன்' போன்ற சொல்லுருபுகளும் செய்கின்றன. தமிழில் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது, ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் பெயருக்கு முன்னால் தனியே நிற்கிறது. இந்த இட மாற்றம் ஒரு வாரத்தில் பழகிவிடும். உண்மையான சிக்கல் எந்தச் சொல் எந்தப் பெயரோடு வரும் என்பதில்தான் இருக்கிறது. ஆங்கிலத் தொடர்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் இது பெரும்பாலும் காது கற்றுக்கொள்ளும் பாடம்.

'இல்' என்ற ஒரே உருபை எடுத்துக்கொள்வோம். சுவரில் படம் தொங்குகிறது, பையில் பணம் இருக்கிறது, பேருந்து நிலையத்தில் நண்பர் காத்திருக்கிறார், அம்மா பஸ்ஸில் வந்தார். நான்கிலும் 'இல்' வருகிறது. ஆங்கிலத்திலோ 'ஆன் தி வால்', 'இன் தி பேக்', 'அட் தி பஸ் ஸ்டாண்ட்', 'பை பஸ்' என்று நான்கு வெவ்வேறு சொற்கள் வருகின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதே நிலைதான். 'ஆன்' என்ற ஒரு சொல் 'ஆன் தி டேபிள்' என்னும்போது மேசைமேல், 'ஆன் சண்டே' என்னும்போது ஞாயிறன்று, 'ஆன் தி ஃபோன்' என்னும்போது போனில், 'ஆன் ஃபுட்' என்னும்போது நடந்து என்று பொருள்படுகிறது. ஆகவே இந்த உருபுக்கு இந்தச் சொல் என்று இரு பத்திகள் கொண்ட அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வதால் பயனில்லை. நம் மொழியும் இதற்கு விலக்கல்ல. தமிழ் கற்கும் வேற்றுமொழிக்காரர் ஒருவர், 'அவனைப் பார்த்தேன், அவனோடு பேசினேன், அவனுக்குத் தெரியும், அவனிடம் கொடுத்தேன்' என்று ஒவ்வொரு முறையும் அவன் ஏன் வேறு உருபு ஏற்கிறான் என்று கேட்டால், 'அப்படித்தான் சொல்வோம்' என்பதைத் தவிர நம்மில் பலரிடம் பதில் இருக்காது.

உண்மையில் நம்மிடம் இத்தகைய ஆங்கிலச் சேர்க்கைகள் நிறையவே இருக்கின்றன, நாம்தான் அவற்றை முன்னிடைச்சொல்லாகப் பார்ப்பதில்லை. அரசு அலுவலகத்தில் 'சார் இன்னைக்கு ஓ.டி.' என்றால் அது 'ஆன் டியூட்டி'. தேர்வறையிலிருந்து வெளியே வரும் மாணவர் 'ரெண்டு கேள்வி அவுட் ஆஃப் சிலபஸ்' என்கிறார். நண்பர் போனில் 'ஆன் தி வேல இருக்கேன்' என்கிறார். பொருள் வாங்கும்போது 'கேஷ் ஆன் டெலிவரி' கேட்கிறோம். இவற்றில் சில தமிழுக்குள் வந்து உரு மாறிவிட்டன என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். 'இன்சார்ஜ் யாரு?' என்று நாம் ஆளுக்கே பெயராக்கிவிட்ட சொல், ஆங்கிலத்தில் 'ஷி இஸ் இன் சார்ஜ் ஆஃப் தி ஸ்டோர்' என்று முன்னிடைச்சொல்லும் பெயருமாகத்தான் நிற்கிறது. 'பை ஹார்ட் பண்ணு' என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது 'லேர்ன் இட் பை ஹார்ட்' என்று 'லேர்ன்' என்ற வினை தேவைப்படுகிறது.

இனி இடமும் காலமும். இந்த இரண்டில் மட்டும் ஓரளவு விதி உண்டு, அதைத் தெரிந்துகொள்வது நல்லது. 'அட்' ஒன்றைப் புள்ளியாகப் பார்க்கிறது, 'ஆன்' பரப்பாகவோ கோடாகவோ பார்க்கிறது, 'இன்' சுற்றெல்லை உள்ள ஒன்றின் உட்புறமாகப் பார்க்கிறது. காலத்திலும் இதே பார்வைதான்: கடிகார நேரம் ஒரு புள்ளி என்பதால் 'அட் சிக்ஸ்', கிழமையும் தேதியும் 'ஆன் மண்டே', 'ஆன் 15 ஆகஸ்ட்', அதைவிட நீண்ட மாதமும் ஆண்டும் 'இன் ஆகஸ்ட்', 'இன் 1947'. ஒரு நாளின் பகுதிகளுக்கு 'இன் தி மார்னிங்', 'இன் தி ஈவ்னிங்' என்று வரும், ஆனால் இரவுக்குப் பொதுவாக 'அட் நைட்'. அந்தக் காலை எந்த நாளின் காலை என்று சொல்லிவிட்டால் 'இன்' விலகி, 'ஆன் மண்டே மார்னிங்' என்று 'ஆன்' வந்துவிடும், ஏனெனில் அப்போது முதன்மை பெறுவது கிழமை. 'நெக்ஸ்ட்', 'லாஸ்ட்', 'திஸ்', 'எவ்ரி' ஆகியவை முன்னால் வந்தாலோ முன்னிடைச்சொல்லே தேவையில்லை. 'ஐ வில் கம் ஆன் நெக்ஸ்ட் மண்டே' என்று நம்மவர்கள் அடிக்கடி எழுதும் வாக்கியத்தில் 'ஆன்' மிகை. வார இறுதிக்குப் பிரிட்டனில் 'அட் தி வீக்கெண்ட்' என்றும் அமெரிக்காவில் 'ஆன் தி வீக்கெண்ட்' என்றும் சொல்கிறார்கள். இரண்டும் அதனதன் இடத்தில் சரி.

வண்டிகளைப் பற்றி ஒரு சொல். காருக்கு 'இன் எ கார்', பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் விமானத்துக்கும் 'ஆன் எ பஸ்', 'ஆன் எ ட்ரெயின்', 'ஆன் எ ப்ளேன்'. உள்ளே எழுந்து நின்று நடமாட முடிந்தால் 'ஆன்', குனிந்து நுழைந்து உட்கார்ந்துவிட வேண்டியதாக இருந்தால் 'இன்' என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். சைக்கிளும் குதிரையும் இதில் சேராது, அவற்றின்மேல் ஏறி அமர்வதால் அங்கே 'ஆன்' இயல்பாகவே வருகிறது. எதில் போனோம் என்பதைப் போக்குவரத்து முறையாக மட்டும் சொல்வதற்கு 'பை' உண்டு: 'பை பஸ்', 'பை கார்'. ஆனால் அந்த 'பை'க்கும் பெயருக்கும் இடையில் எதுவும் நுழையக் கூடாது. 'பை மை கார்' என்பது பிழை, 'இன் மை கார்' என்பதே சரி.

இந்தக் கடைசிக் கருத்தை இன்னும் சற்று விரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முன்னிடைச்சொல்லுக்கும் பெயருக்கும் நடுவில் 'தி' இருப்பதும் இல்லாததும் பொருளையே மாற்றிவிடுகிறது. 'ஹி இஸ் அட் ஸ்கூல்' என்றால் அவன் படிக்கப் போயிருக்கிறான். 'ஹி இஸ் அட் தி ஸ்கூல்' என்றால் அந்தக் கட்டடம் இருக்கும் இடத்தில் இருக்கிறான், மகனுக்குக் கட்டணம் கட்டப் போன தந்தையாகவும் இருக்கலாம். 'இன் பெட்' என்றால் படுத்திருக்கிறார், 'இன் பிரிசன்' என்றால் தண்டனைக்கோ விசாரணைக்கோ அடைபட்டிருக்கிறார். 'தி' இல்லாதபோது அந்தப் பெயர் கட்டடத்தையோ பொருளையோ விட்டு, அது எதற்காக இருக்கிறதோ அந்தச் செயலைக் குறிக்கத் தொடங்குகிறது. நோயாளியாகச் சேர்ந்திருப்பதைப் பிரிட்டன் ஆங்கிலம் 'இன் ஹாஸ்பிட்டல்' என்கிறது, அமெரிக்கர் அதற்கும் 'இன் தி ஹாஸ்பிட்டல்' என்றே சொல்வதால் இந்த வேறுபாடு எல்லாப் பெயர்களுக்கும் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி அமைவதில்லை. நம்மவர்கள் கவனிக்க வேண்டியது 'இன் ஆபீஸ்' என்ற தொடர். போனில் 'ஐ ஆம் இன் ஆபீஸ்' என்று நாள்தோறும் சொல்கிறோம், ஆனால் 'இன் ஆபீஸ்' என்பது ஆட்சிப் பொறுப்பில் இருப்பதைக் குறிக்கும் தொடர். முதலமைச்சரோ அமைச்சரோ பதவியில் இருக்கும் காலத்தைப் பற்றி அப்படி எழுதுவார்கள். வேலையிடத்தில் இருப்பதற்கு 'ஐ ஆம் அட் வொர்க்' அல்லது 'ஐ ஆம் அட் தி ஆபீஸ்' பொருந்தும்.

பெயர் அப்படியே இருக்க, முன்னிடைச்சொல் மட்டும் மாறும்போதும் பொருள் மாறிவிடும். 'ஆன் தி வே' என்றால் வந்துகொண்டிருக்கிறார், 'இன் தி வே' என்றால் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார். 'ஆன் டைம்' என்பது குறித்த நேரத்துக்குச் சரியாக, 'இன் டைம்' என்பது காரியம் கெடுவதற்குள். மூன்று மணி ரயில் மூன்று மணிக்கே வந்தால் அது 'ஆன் டைம்', கதவு மூடும் முன் ஓடிப் போய் ஏறிவிட்டால் நாம் 'இன் டைம்'. 'அட் தி எண்ட்' என்பதற்குப் பின்னால் வழக்கமாக 'ஆஃப் தி ஸ்ட்ரீட்', 'ஆஃப் தி மந்த்' என்று ஏதோ ஒன்றின் முடிவு வரும், 'இன் தி எண்ட்' என்பது பல நிகழ்ச்சிகளுக்குப் பிறகு கடைசியில் என்று பொருள்படும்.

இதுவரை முன்னிடைச்சொல் பெயருக்கு முன்னால் வருவதைப் பார்த்தோம். பெயருக்குப் பின்னால் எது வரும் என்பது மற்றொரு பாதி, நம்மவர்கள் பெரிதும் தடுமாறுவது அங்கேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் தங்கை மகள் ஒரு மின்னஞ்சலை அனுப்பும் முன் என்னிடம் காட்டினாள். 'வி டிஸ்கஸ்டு அபவுட் தி ஆர்டர். தி கஸ்டமர் இஸ் டிமாண்டிங் ஃபார் எ ரீஃபண்ட். ஐ ரிக்வெஸ்ட் ஃபார் யுவர் அப்ரூவல்.' மூன்று வாக்கியங்களிலும் ஒரே பிழை. 'அபவுட்'டையும் இரண்டு 'ஃபார்'களையும் நான் அடித்துவிட்டேன். அவள் விடவில்லை. "பெரியம்மா, 'டிஸ்கஷன் அபவுட்' சரின்னா 'டிஸ்கஸ் அபவுட்' எப்படித் தப்பாகும்?" என்று கேட்டாள். மிகச் சரியான கேள்வி அது. அதற்குரிய விடை தமிழிலேயே இருக்கிறது.

'எதிரியைத் தாக்கினார்கள்' என்கிறோம். தாக்குதல் என்று வினையைப் பெயராக்கியபின் 'எதிரியைத் தாக்குதல் நடந்தது' என்று எழுதுவதில்லை, 'எதிரி மீதான தாக்குதல் நடந்தது' என்கிறோம். 'பணத்தைக் கோரினார்' என்பது 'பணத்துக்கான கோரிக்கை' ஆகிறது. வினை தன் செயப்படுபொருளை நேராகவே பற்றிக்கொள்ளும், பெயருக்கு அந்த வலிமை இல்லாததால் நடுவில் ஒரு இணைப்பு தேவைப்படுகிறது. ஆங்கிலத்தில் நடப்பதும் அதுதான். 'டிஸ்கஸ்' வினையாக இருக்கும்போது 'தி ஆர்டர்' என்பதை நேராகப் பற்றும், 'டிஸ்கஷன்' பெயராகிவிட்டதால் 'அபவுட்' வேண்டும். 'வி டிமாண்ட் எ ரீஃபண்ட்' என்பதில் இணைப்பு இல்லை, 'அவர் டிமாண்ட் ஃபார் எ ரீஃபண்ட்' என்பதில் உண்டு. 'ரிக்வெஸ்ட்', 'அட்டாக்', 'விசிட்', 'லாக்' (இல்லாமை) ஆகியவை வினைக்கும் பெயருக்கும் ஒரே வடிவம் கொண்டவை என்பதால் இங்கே குழப்பம் கூடுகிறது. 'தே விசிட்டட் மதுரை' என்றால் வினை, 'தெயர் விசிட் டு மதுரை' என்றால் பெயர். சொல்லுக்கு முன்னால் 'எ', 'தி', 'மை', 'தெயர்' போன்ற ஒன்று நின்றால் அது பெயர் என்று அறிந்துகொள்ளலாம், அப்போது பின்னால் முன்னிடைச்சொல் தேடுங்கள். இந்த விளக்கத்தைச் சொன்னபிறகு அவள் மின்னஞ்சலில் அந்தப் பிழையை நான் மீண்டும் பார்க்கவில்லை.

இதே வேறுபாடு அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி வரும் 'எம்ஃபசைஸ்' என்ற வினைக்கும் 'எம்ஃபசிஸ்' என்ற பெயருக்கும் உண்டு. 'தி ரிப்போர்ட் எம்ஃபசைசஸ் சேஃப்டி', 'தி எம்ஃபசிஸ் ஆன் சேஃப்டி'. முதலாவதில் 'ஆன்' சேர்ப்பது பிழை, இரண்டாவதில் விடுவது பிழை.

எந்தப் பெயருக்குப் பின்னால் எது வரும் என்பதில் தமிழ் சில நேரங்களில் நமக்கு நன்றாகவே உதவுகிறது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கேள்விக்குப் பதில், பிரச்சினைக்குத் தீர்வு, கல்யாணத்துக்கு அழைப்பு, பயிருக்குச் சேதம் என்று நாம் 'கு' போடும் இடங்களில் ஆங்கிலம் 'ஆன்சர் டு', 'சொல்யூஷன் டு', 'இன்விடேஷன் டு', 'டேமேஜ் டு' என்று 'டு' போடுகிறது. பொருள்மீது வரி, எதிரிமீது தாக்குதல், நெகிழிமீது தடை என்று ஒன்றின்மேல் சுமை ஏறும் இடங்களில் 'டேக்ஸ் ஆன்', 'அட்டாக் ஆன்', 'பேன் ஆன்' என்று 'ஆன்' வருகிறது. இசையில் ஆர்வம் என்பதற்கு 'இன்டரஸ்ட் இன் மியூசிக்'. இப்படி ஒத்துப்போகும் இடங்களில் மகிழ்ச்சியாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த ஒற்றுமையை நம்பி நடக்கத் தொடங்கினால் விரைவிலேயே வழுக்கும். 'காரணம்' என்ற ஒரே தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் 'ரீசன்' என்றும் 'காஸ்' என்றும் இரண்டு உண்டு. தாமதத்துக்கான காரணம் 'ரீசன் ஃபார் தி டிலே', தீ விபத்துக்கான காரணம் 'காஸ் ஆஃப் தி ஃபயர்'. இரண்டுக்கும் நாம் 'கு' போட்டாலும் ஆங்கிலம் வெவ்வேறு சொல் போடுகிறது. இன்னொன்று, ஒரே பெயர் இரண்டு முன்னிடைச்சொற்களை ஏற்று இரண்டு செய்திகளைச் சொல்லும். 'அன் இன்க்ரீஸ் இன் தி பிரைஸ்' என்பதில் கூடியது எது என்பது தெரிகிறது, 'அன் இன்க்ரீஸ் ஆஃப் டென் ருபீஸ்' என்பதில் எவ்வளவு கூடியது என்பது தெரிகிறது.

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் வேற்றுமைக்கேற்ப ஈறு மாறின. முன்னிடைச்சொற்கள் அப்போதும் இருந்தன, ஆனால் அவற்றுக்குப் பின்னால் வரும் பெயரும் உரிய ஈற்றை ஏற்றது. அடுத்து வந்த சில நூற்றாண்டுகளில் அந்த ஈறுகள் தேய்ந்து மறைந்தன, அவை செய்த வேலையின் பெரும்பங்கை முன்னிடைச்சொற்களும் சொற்களின் வரிசையும் ஏற்றுக்கொண்டன. இன்று 'ஆஃப்', 'டு' போன்றவற்றின் தோளில் இத்தனை பொருள்கள் ஏறி நிற்பதற்கு அதுவே முக்கியக் காரணம். சில இடங்களில் முன்னிடைச்சொல்லும் பெயரும் காலப்போக்கில் ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டன. உயிரோடு என்று பொருள்படும் 'அலைவ்', பழைய 'ஆன்' என்பதும் 'லைஃப்' என்பதும் சேர்ந்து பிறந்தது. 'அஸ்லீப்' என்பதும் அப்படியே, 'ஆன்' தேய்ந்து 'அ' ஆயிற்று. 'டுடே' என்பதில் 'டு'வும் 'டே'யும் இருப்பது கண்ணுக்கே தெரிகிறது. 'இன்ஸ்டெட்' என்பதில் உள்ள 'ஸ்டெட்' இடம் என்று பொருள்பட்ட பழைய சொல், ஆகவே அதன் நேர்ப்பொருள் 'இடத்தில்' என்பதே. 'பிகாஸ்' என்பது 'பை'யும் 'காஸ்' என்ற பெயரும் சேர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்தது 'ட்வைஸ் எ டே' என்ற தொடரில் வரும் 'எ'. நாளைக்கு இருவேளை என்று மருந்துச் சீட்டில் வரும் அந்த 'எ', 'ஒரு' என்பதைக் குறிப்பதுபோல் இன்று தோன்றினாலும், அதன் மூலம் பழைய 'ஆன்' தான்.

சேர்க்கைகளைச் சேர்க்கைகளாகவே கற்க வேண்டும் என்பதை முறையாக ஆராய்ந்தவர்களில் இருவர் டோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்த ஆங்கிலேயர்கள் என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. தமிழைப் போலவே ஜப்பானிய மொழியிலும் உறவு காட்டும் சிறு சொற்கள் பெயருக்குப் பின்னால்தான் வருகின்றன. ஹாரல்டு பாமர் 1933-இல் ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைத் தொகுத்து அங்கே ஓர் அறிக்கை வெளியிட்டார். அவரோடு பணியாற்றிய ஏ. எஸ். ஹார்ன்பி முதன்மை ஆசிரியராக இருந்து தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. சொல்லின் பொருளோடு நில்லாமல் அது வாக்கியத்தில் எவற்றோடு எப்படிச் சேரும் என்பதையும் காட்டியது அதன் சிறப்பு. பின்னர் அதையே ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பகம் எடுத்து வெளியிட்டது. இன்று கற்போருக்கென்று வரும் எந்த நல்ல ஆங்கில அகராதியிலும் 'ரீசன்' என்ற சொல்லைத் தேடினால், பொருளுக்கு அருகிலேயே 'ஃபார்' தடித்த எழுத்தில் இருப்பதைக் காணலாம். ஆங்கிலம்-தமிழ் அகராதிகள் பலவற்றில் அது இருப்பதில்லை. எனவே பொருளைத் தமிழில் பார்த்தாலும், சேர்க்கையை அறிய ஆங்கிலம்-ஆங்கிலம் அகராதியையும் ஒருமுறை திறப்பது அவசியம்.

இன்னும் ஒரு கண்ணியைச் சொல்ல வேண்டும். முன்னிடைச்சொல்லுக்குப் பின் வினை வர நேர்ந்தால் அது 'இங்' சேர்ந்து பெயர்போல ஆகிவிடும்: 'இன்டரஸ்ட் இன் குக்கிங்', 'ரீசன் ஃபார் லீவிங்'. பெயர் நிற்க வேண்டிய இடம் என்பதால் வினையும் பெயர் வேடம் பூணுகிறது, தமிழில் 'சமைப்பதில் ஆர்வம்' என்று 'சமை' என்பதைச் 'சமைப்பது' ஆக்கி உருபு சேர்ப்பதுபோலவே. 'லுக்கிங் ஃபார்வர்ட் டு' என்பதில் உள்ள 'டு'வும் முன்னிடைச்சொல் என்பதால், அதற்குப் பின் 'மீட்டிங் யூ' என்றுதான் வர வேண்டும். 'மீட் யூ' என்று எழுதுவோர் அந்த 'டு'வை 'டு கோ', 'டு ஈட்' என்பவற்றில் வரும் 'டு'வாக எடுத்துக்கொள்கிறார்கள். ஐயம் வந்தால் அந்த இடத்தில் 'இட்' என்று போட்டுப் பார்க்கலாம். 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்' என்பது இயல்பாக ஒலிக்கும், எனவே அங்கே பெயருக்கு இடமுண்டு. 'ஐ வான்ட் டு இட்' என்று யாரும் சொல்வதில்லை.

தங்கை மகளுக்கு ஒரு சிறு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். அதில் அவள் தனிச் சொல் எதையும் எழுதுவதில்லை. 'ரீசன்' என்று எழுதாமல் 'தி ரீசன் ஃபார் தி டிலே' என்று எழுதுகிறாள், 'லீவ்' என்று எழுதாமல் 'ஷி இஸ் ஆன் லீவ் டில் ஃப்ரைடே' என்று எழுதுகிறாள். அலுவலகத்தில் யாராவது சொன்னதையோ வந்த மின்னஞ்சலில் கண்டதையோ அன்று மாலையே அகராதியில் சரிபார்த்து, நான்கைந்து சொற்கள் கொண்ட துண்டாகக் குறித்துக்கொள்கிறாள். நோட்டின் முதல் பக்கத்தில் முதல் வரியாக அவள் எழுதியிருப்பது, பள்ளியில் கற்ற அதே 'சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்'.